ஒன்பதாம் விதியின் வெள்ளைத் துணி

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில்தான் அவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் வாசலில், நனைந்த காலணிகள் குவிந்து கிடந்த இடத்தருகே, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். ஆய்வகத்தினுள் காலணியோடு நுழையக் கூடாது என்பது அங்கிருந்த பழைய விதி. நல்ல விதிதான். ஆனால், மழையில் ஊறிய காலுறைகளோடு ஒரு வகுப்பு முழுவதும், சன்னல்கள் அடைத்த குளிரூட்டிய அறைக்குள் பிற்பகல் நெடுக அமர்ந்தால் என்ன நேரும் என்பதை விதியை எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். ஈரச் சாக்கும் புளித்த மாவும் செத்த எலியும் கலந்தாற்போன்ற நாற்றம் ஒன்று, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வந்து முகத்தில் அறைந்தது.

நான் அதே தாழ்வாரத்தின் கோடியில் இருந்த மொழித்துறையில் பணியாற்றினேன். எங்கள் அச்சுப்பொறி பழுதாகிவிட்டதால் வினாத்தாள் ஒன்றை அச்சிட்டுக்கொள்ள அங்கே போயிருந்தேன்.

"மேடம், கொஞ்சம் நில்லுங்க" என்று அவர் என்னைத் தடுத்தார். "மதியம் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"கை கழுவினீங்களா? தப்பா நெனைக்காதீங்க. எல்லாரையும் கேக்கறதுதான்."

அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. உள்ளே அழைத்துச் சென்று, ஆளில்லாத மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் விசைப்பலகையைக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ரொட்டித் துகள்கள் விழுந்தன. பொடுகு விழுந்தது. பிறகு, கடித்துத் துப்பிய நகங்கள், சுருண்ட முடிகள், காய்ந்து உருண்ட மூக்குச்சளி. எல்லாவற்றிற்கும் கடைசியாக, இன்னதென்று சொல்ல முடியாத, இன்னும் ஈரம் உலராத ஏதோ ஒன்று மெல்ல நழுவித் தாளில் ஒட்டிக்கொண்டது.

"போன வாரந்தான் தட்டினேன். அதுக்குள்ள இவ்வளவு. எல்லாம் படிச்ச பசங்க மேடம். வீட்ல பெத்தவங்க, புள்ள கம்ப்யூட்டர் படிக்குதுன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

அவர் அந்தத் தாளைப் பொட்டலம்போல் மடித்து, அதை மற்றொரு தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டு, முழங்கைவரை கை கழுவி வந்தார். அச்சிடும் வேலை முடிவதற்குள் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

அவருடைய பதவி ஆய்வகப் பொறுப்பாளர். கணினிகளைக் காலையில் இயக்கி மாலையில் நிறுத்துவது, யார் எந்த இருக்கை என்று சொல்வது, சாவியை வைத்திருப்பது ஆகியவை அவருடைய வேலைகள். நெட்டையான, ஒல்லியான மனிதர். சட்டைக்கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தானிட்டிருப்பார். அவர் மனைவி ஒரு தையற்கடையில் பள்ளிச் சீருடை தைப்பவர். கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒவ்வொரு கணினிக்கும் அவர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். மாலையில் பார்த்தால், சீருடையணிந்த பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஆசிரியருக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும்.

ஆய்வகத்திற்கு வருமுன்னர் அவர் நெடுங்காலம் நிலவறையிலிருந்த பண்டக அறையில் காவலிருந்தவர். உடைந்த நாற்காலிகளும் பூஞ்சை பிடித்த பழைய விடைத்தாள்களும் அங்கேதான் கிடந்தன. அதன் கூரையை ஒட்டி மேல்மாடிக் கழிப்பறைகளின் குழாய் ஓடியது. குழாய் கசிந்தது. கசிந்ததை அடைக்க எவரும் வரவில்லை.

"கக்கூஸ் தண்ணி சொட்டற எடத்துல ஒக்காந்து சோறு தின்னிருக்கேன் அக்கா. தட்ட மடியில வச்சு, மேல நோட்டுப் புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு. நான் செத்தாலும் சரி, மறுபடி அங்க மட்டும் போகக் கூடாது."

அவர் வாழ்வில் வேண்டியது அவ்வளவுதான். பதவி உயர்வு கேட்கவில்லை, புகழ் கேட்கவில்லை. தூய்மையான ஓர் அறையின் சாவி தம் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்றுதான் விரும்பினார்.

ஆய்வகத்துச் சுவரில் துறைத்தலைவர் எழுதிய விதிப்பலகை ஒன்று தொங்கியது. அதில் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமுமாக முறைத்துக்கொண்டு நின்றன. அதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"மூக்குல விரல விட்டவன் அந்த விரலோட உள்ள வரக் கூடாதுன்னு போடுங்க அக்கா."

"விரலை எங்கே விட்டுவிட்டு வருவான் தம்பி?"

"அப்ப நீங்களே நாகரிகமா எழுதுங்க."

'மாணவர்கள் தம் கைகளைத் தூய்மை செய்த பின்னரே ஆய்வகத்தினுள் நுழைதல் வேண்டும்' என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"மூக்கு எங்க போச்சு?"

"கைக்குள் அடங்கிவிட்டது."

"எங்க அடங்குது? அடங்காமதான இவ்வளவு பாடு."

உண்ணலாகாது, பருகலாகாது, ஒருவர் கடவுச்சொல்லை மற்றொருவர் பயன்படுத்தலாகாது, வேலை முடிந்ததும் கணினியை உறையிட்டு மூடுதல் வேண்டும் என்று விதிகள் வளர்ந்தன. ஒன்பதாம் விதி அவருடைய சொந்தப் படைப்பு. 'இருக்கையில் அமருமுன்னும் எழுந்த பின்னும், வாசலருகே தொங்கும் வெள்ளைத் துணியால் விசைப்பலகையையும் சுட்டியையும் துடைத்தல் வேண்டும்.' வேறெந்தக் கல்லூரியிலும் இப்படியொரு விதி இல்லை என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை. துணி, சீருடைச் சட்டைக்கான வெள்ளைத் துணி. மனைவி ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தது. காலையில் அதைக் கிருமிநாசினியில் நனைத்துப் பிழிந்து ஆணியில் மாட்டுவார். மாலையில் வீட்டிற்கு எடுத்துச் சென்று சோப்பிட்டு அலசிக் காயவைப்பார்.

எழுந்து செல்லும் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே. "தொடச்சியா?"

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 'தொடச்சியா சார் வர்றாரு' என்பார்கள். கழிப்பறைச் சுவரில் அந்தக் கேள்வியை வேறு பொருளில் எழுதி வைத்தார்கள். அவர் அதையும் பார்த்தார். "கேள்வி அங்கயும் பொருந்தத்தான் செய்யுது. ஆனா பதில் சொல்லத்தான் ஒருத்தனுக்கும் யோக்கியதை இல்ல" என்றார்.

பிள்ளைகளாவது அஞ்சினார்கள். துறைத்தலைவர் அஞ்சவில்லை. பிற்பகலில் நண்பர் ஒருவரோடு கடைசி வரிசைக்கு வந்து, பொரித்த கோழிக்கால்களைப் பழைய வினாத்தாளின்மேல் பரப்பிவைத்துத் தின்பார். எலும்பைச் சப்புகிற ஓசை முதல் வரிசைவரை கேட்கும். தின்று முடித்த எலும்புகளை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுவார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, மீதி எண்ணெயைத் திரைச்சீலையில் துடைப்பார். அந்தத் திரைச்சீலையின் ஓரம் மாட்டுத்தோல்போல் விறைத்துப் பளபளத்தது. கற்றவர், முனைவர், வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் உரையாற்றுபவர். அவருக்கு எதிரே அமர்ந்து உண்ணக்கூட எனக்கு மனம் ஒப்பியதில்லை.

ஒருநாள் பொறுப்பாளர் துணிந்து கேட்டுவிட்டார். நானும் அங்கிருந்தேன்.

"சார், இங்க சாப்பிடக் கூடாதுன்னு போர்டு இருக்கு."

"போர்டு யாருக்குய்யா? தலைப்பப் படி. மாணவர்களுக்கான விதிகள்னு போட்டிருக்கு."

"இழுப்பறையில எறும்பு புத்து வச்சிருக்கு சார். அதுக்கும் அந்தத் தலைப்பப் படிச்சுக் காட்டிருங்க."

துறைத்தலைவர் கட்டைவிரலை நிதானமாகச் சப்பி முடித்தார். "கீழ ஸ்டோர்ல ஆள் இல்லாம இருக்கு. ஒனக்குப் பழகின எடம். இன்னொரு தடவ உன்னப் பத்தி ஒரு புகார் வரட்டும், பாத்துக்கலாம்."

பொறுப்பாளரின் கை, சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். அன்றுமுதல் துறைத்தலைவர் திரைச்சீலையை விட்டுவிட்டு, வாசலருகே தொங்கிய வெள்ளைத் துணியில் கை துடைக்கத் தொடங்கினார். வேண்டுமென்றேதான் செய்தார். பொறுப்பாளர் பார்த்துக்கொண்டே நிற்பார். துறைத்தலைவர் போனதும் துணியைக் குழாயில் அலசி மறுபடி மாட்டுவார்.

அந்த ஆண்டின் இறுதியில் கிருமிநாசினி தீர்ந்துபோயிற்று. வாங்கித் தரச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேட்டதற்கு, "ஏன், குழாய்ல தண்ணி வரலையா?" என்ற விடை கிடைத்தது. பொறுப்பாளர் துணியைத் தண்ணீரில் நனைத்து மாட்டினார்.

"மருந்து இல்லேன்னாலும் பழக்கத்த விடக் கூடாது அக்கா. விட்டா மறுபடி பன்னித் தொழுவம் ஆயிடும்" என்றார்.

மறு ஆண்டும் மழை வந்தது. அதனோடு கண்ணோயும் வந்தது.

சன்னலோர இருக்கையில் அமரும் இறுதியாண்டு மாணவி ஒருத்திக்குத்தான் முதலில் வந்தது. இமைகள் வீங்கி, மஞ்சள் பீளை இமைமயிர்களில் ஒட்டி, கண் வெந்த தக்காளியைப்போல் சிவந்திருந்தது. பொறுப்பாளர் தூரத்தில் நின்றே கையைக் காட்டினார்.

"எழுந்திரும்மா. வீட்டுக்குப் போ."

"விடுதியில இருக்கேன் சார். புராஜெக்ட் முடிக்கணும். இந்த மாசத்துக்குள்ள குடுக்கலேன்னா ஒரு வருஷம் போயிடும்."

"கண்ணு சரியானதும் வா. இப்ப போ."

அவள் பீளையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய்த் துணியை எடுத்து வந்து, விசைப்பலகையையும் சுட்டியையும் நன்றாகத் துடைத்தாள். துணியை மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா அக்கா? நோவோட இருக்கும்போதும் ஒழுங்கா இருக்கா. இப்படி நாலு பிள்ளைங்க இருந்தாப் போதும்" என்று அவர் மனம் நெகிழ்ந்து சொன்னார்.

அடுத்த சில நாள்களில் ஆய்வகம் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணைக் கசக்குகிறவர்கள், கசக்கிய கையாலேயே தட்டச்சு செய்கிறவர்கள், பீளையைச் சுண்டி எறிகிறவர்கள், மேசை விளிம்பில் தடவுகிறவர்கள். காலுறை நாற்றத்தோடு கண்மருந்து நாற்றமும் சேர்ந்துகொண்டது. துறைத்தலைவரும் ஒருநாள் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்தார். ஓரத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

பொறுப்பாளர் விதியை இறுக்கினார். "இனிமே எல்லாரும் ரெண்டு தடவ தொடைக்கணும். உக்காரும்போது ரெண்டு, எழும்போது ரெண்டு." நண்பகலுக்குள் அந்தத் துணி சாம்பல் நிறமாகி, தொட்டால் நத்தையைத் தொட்டாற்போல் வழுவழுத்தது. எத்தனை பேருடைய வியர்வை, எத்தனை பேருடைய பீளை, இவற்றோடு ஒருவருடைய கோழி எண்ணெய். எல்லாரும் அதை வாங்கித் துடைத்தார்கள், அடுத்தவரிடம் கொடுத்தார்கள். துடைக்கத் துடைக்க நோய் பெருகிற்று.

துறைத்தலைவர் பொறுப்பாளரைத் தம் அறைக்கு அழைத்தார். மறுநாள் விசாரணை என்றார்; அந்தப் பெண்தான் நோயைக் கொண்டுவந்து ஆய்வகத்தைக் கெடுத்தவள் என்றார்.

"அவள இந்த வருஷம் முழுக்க லேபுக்குள்ள விடப் போறதில்ல. புராஜெக்ட்டும் வாங்கப் போறதில்ல. ஒருத்தர் தலையில போட்டாத்தான் மத்தவங்க வாயடைப்பாங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீ ஒரு வார்த்த சொல்லு, அவ விதிய மீறி உள்ள வந்தான்னு. ஸ்டோர் பேச்சையே எடுக்கமாட்டேன்."

இதை அவர் தாழ்வாரத்தில் நின்று என்னிடம் சொன்னபோது, தயக்கமும் நிம்மதியும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்தன. "நோவோட வந்தது நெசந்தான அக்கா? பொய் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அவர் என் விடையைக் கேட்க நிற்கவில்லை.

அன்று மாலை, அவர் மனைவி எனக்குத் தைத்து வைத்திருந்த தலையணை உறைகளை வாங்கிவர அவர்கள் வீட்டிற்குப் போனேன். ஒற்றை அறை. தையற்பொறி சன்னலடியில் இருந்தது. அந்த அம்மையார் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு கண்களும் சிவந்து வீங்கியிருந்தன.

"உனக்கு எங்கிருந்துடி வந்துச்சு?" என்று பொறுப்பாளர் பதறினார். "நீ யாரையும் பாக்கலையே. கடைக்குக்கூடப் போகலையே, நாலு நாளா வீட்லதான தைக்கறே?"

"யாரும் வீட்டுக்கு வரல. உங்க துணிதான் வருது."

"என்ன துணி?"

அந்த அம்மையார் எழுந்து போய், மூலையிலிருந்த வாளியிலிருந்து அந்தத் துணியை இரு விரல்களால் தூக்கிக் காட்டினார். அதிலிருந்து கலங்கிய நீர் சொட்டியது. நீரின்மேல் எண்ணெய் மினுங்கிற்று.

"நீங்க கண்ணோய் பயத்துல வந்ததும் குளிக்க ஓடிடறீங்க. நாலு நாளா நாந்தான் இத அலசறேன். கொழகொழன்னு ஒட்டுது. இதால எத்தன பேர் தொடைக்கிறாங்க?"

"எல்லாருந்தான்."

"நோவு வந்தவங்களும்?"

அவர் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"ஏங்க, ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் தின்னாலே மொகம் சுளிக்கிற ஆளு நீங்க. ஊர்க் கண்ணெல்லாம் தொடச்ச துணிய ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்களே. நல்லா இருக்குங்க உங்க சுத்தம். என் பொழப்பே இந்தக் கண்ணுல இருக்கு."

பொறுப்பாளர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தம் கைகளைப் பார்த்தார். முற்றத்துக் குழாயடிக்கு விரைந்து போனார். அவர் குமட்டி வாந்தியெடுக்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அந்தப் பொண்ணு போகும்போது தொடச்சிட்டுப் போனா அக்கா. நான் பாராட்டினேன்."

விசாரணை ஆய்வகத்திலேயே நடந்தது. அறை நிறைய ஆள்கள். பாதிப் பேர் கண்ணில் கைக்குட்டை. அந்தப் பெண் சுவரோரம் தனியே நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒருவரும் நெருங்காத வெற்றிடம்.

"சொல்லுய்யா. இந்தப் பொண்ணு நோவோட உள்ள வந்துச்சா, இல்லையா?" என்றார் துறைத்தலைவர்.

"வந்துச்சு சார். நான் அனுப்பிட்டேன், போயிடுச்சு. மத்தவங்களுக்கு நோவ அது குடுக்கல. நான் குடுத்தேன்."

"என்ன ஒளறறே?"

பொறுப்பாளர் வாசலுக்குப் போய், தாம் அன்று காலை வெறுமையாக விட்டுவைத்திருந்த ஆணியைக் காட்டினார். "ஒன்பதாவது விதி என்னோடது. ஒரே துணிய எல்லார் கையிலயும் குடுத்தது நான். ரெண்டு தடவ தொடைக்கச் சொன்னதும் நான். எங்க வீட்டுக்காரிக்கும் அதுலதான் வந்திருக்கு."

கிருமிநாசினி கேட்டும் தராததை அவர் சொல்லவில்லை. அதில் யார் கை துடைத்தார் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் துறைத்தலைவரின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதில் சினம் இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தவனின் மலர்ச்சி இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பீளை வழிந்த கண்ணை விரலால் வழித்து, அந்த விரலைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டு, அதே கையைச் சாவிக்காக நீட்டினார். பொறுப்பாளர் சாவியை அந்தக் கையில் வைக்கவில்லை, மேசைமேல் வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஆய்வகம் திறந்துவிடப்பட்டது. அவள் நன்றி சொல்லவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது, "அன்னைக்கே யோசிச்சிருக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"சரியாத்தான சொல்றா" என்றார் அவர்.

புதிதாக வந்த பொறுப்பாளர் விதிப்பலகையை மாற்றவில்லை. ஒன்பதாம் விதி அப்படியே இருந்தது. யாரோ ஒரு கந்தலைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்டினார்கள். அது அலசப்படவே இல்லை. காய்ந்த தோல்போல் விறைத்துத் தொங்கிற்று. துறைத்தலைவர் துணைவேந்தருக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். நிலவறையின் குழாய் மட்டும் தன் கசிவை நிறுத்தவில்லை.

பழைய பொறுப்பாளர் மீண்டும் அந்தக் குழாயின் கீழ் அமர்ந்தார். உணவு வேளையில் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார். நான் ஓய்வுபெறும்வரை இது நடந்தது. அதன்பின் என் வீட்டிற்கு மனைவியோடு வந்தார். கை கழுவிக் கழுவி அவருடைய விரலிடுக்குகள் வெடித்திருந்தன. ஆனால், 'தொடச்சியா?' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்டதேயில்லை. பூஞ்சைக் காற்று நெஞ்சுக்குள் இறங்கி, ஒவ்வோர் ஆண்டும் இருமலை நீட்டிக்கொண்டே வந்தது.

கடைசியில் அவரைப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்த பெரிய கூடம். கட்டிலடிகளில் எச்சில் கிண்ணங்கள். அவற்றின் விளிம்புகளில் ஈக்கள். அவர் மனைவி மருந்து வாங்கச் சென்றிருந்தார். நான் அருகே அமர்ந்திருந்தேன். அப்போது பணிப்பெண் ஒருத்தி, கையில் ஒரு கிண்ண நீரும் ஒரு துணியுமாக, கட்டில் கட்டிலாக நோயாளிகளின் முகங்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்த முதியவரின் வாயோரத்துக் கோழையை வழித்து, துணியை அதே நீரில் முக்கிப் பிழிந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

அவர் கண்கள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தன. பேச மூச்சு எட்டவில்லை. என்னைக் குனியச் சொல்லி விரலால் சைகை காட்டினார். குனிந்தேன்.

"அக்கா, எனக்குத் தொடைக்க வேண்டாம்னு சொல்லுங்க."